காரைக்குடியிலிருந்து ரயில் பார்க்கப் பழகுவது

ரயில் பார்க்கும் ஆசையோடு என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா வாங்கட்டும் அண்ணே?" என்பதுதான். கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்குங்கள். என்னிடம் மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இருந்த காலத்துப் படங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. காரைக்குடி பிளாட்பாரத்தில் நானே எடுத்தவை. ஒன்றின் பின்னாலும் தேதி இல்லை, வண்டியின் பெயர் இல்லை, எஞ்சின் எண் இல்லை. அன்றைக்கு எல்லாம் மனதில் நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. அந்தப் பாதையே இன்று கிடையாது, திரும்பப் போய்ப் பார்த்து எழுதவும் முடியாது. நீங்கள் இன்று பார்க்கும் ரயிலும் ஒருநாள் அப்படித்தான் ஆகும். அதனால்தான் நோட்டு முதலில்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு ரயிலைப் பழகத் தொடங்குகிறவருக்காக, நான் பழகிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நிலையத்தைப் பிடியுங்கள்

நாலு ஊர் சுற்ற வேண்டாம். ஒரே நிலையத்துக்கு ஒரு மாதம் போங்கள். திருச்சியிலிருந்து மானாமதுரை போகும் பாதையில் புதுக்கோட்டையைத் தாண்டினால் நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரோடு, கல்லல், சிவகங்கை என்று வரும். இவற்றில் எது வீட்டுக்குப் பக்கமோ அதுதான் உங்கள் நிலையம்.

வண்டி நிறையப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடி ஜங்ஷன். திருச்சிப் பாதையும் மானாமதுரைப் பாதையும் திருவாரூர்ப் பாதையும் இங்கே கூடுகின்றன. அமைதியாக உட்கார்ந்து பழக வேண்டுமானால் செட்டிநாடு. பெயர்தான் செட்டிநாடு, நிலையம் இருப்பது கானாடுகாத்தானில். அரண்மனை பார்க்க வருகிற கூட்டம் காரிலும் வேனிலும் வந்து போய்விடும். நிலையத்துப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செம்மண், மரநிழல், நீண்ட பிளாட்பாரம், நடுவில் ஒரு வண்டி. தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது, கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தேவகோட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலையம் ஊருக்குள் இல்லை. ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சாலை போய்த் தொடும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் அது தேவகோட்டை ரோடு. உள்ளூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ரஸ்தா' என்றுதான் சொல்வார்கள். பாதை எந்த ஊருக்குள் நுழைந்தது, எந்த ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது என்பது ஒரு நிலையத்தின் பெயரிலேயே தெரியும் என்பதற்கு ரஸ்தா நல்ல சாட்சி.

பிளாட்பார டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். முதல் நாள் வண்டியைப் பார்க்க வேண்டாம், நிலையத்தைப் பாருங்கள். மஞ்சள் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை ஒவ்வொரு நிலையத்து எண்ணையும் சேர்த்துக்கொண்டே போனால் பாதையின் ஏற்ற இறக்கம் தாளில் வந்துவிடும். எஞ்சின் எங்கே மூச்சுப் பிடிக்கிறது, எங்கே சும்மா உருண்டு போகிறது என்பது அதற்கப்புறம் காதுக்கே பிடிபடும்.

அடுத்து: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

வண்டியின் எண் ஐந்து இலக்கம். 2010 டிசம்பரிலிருந்து நாடு முழுதும் அப்படித்தான். 1 அல்லது 2 என்று தொடங்கினால் தொலைதூர வண்டி, 5 என்றால் சாதாரணப் பாசஞ்சர், 6 என்றால் மெமு (தனி எஞ்சின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி), 7 என்றால் டெமு (அதே மாதிரி டீசலில் ஓடுவது), 0 என்றால் சிறப்பு வண்டி. காரைக்குடிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் பல்லவன் எக்ஸ்பிரஸின் எண்கள் 12605, 12606. முதல் இரண்டு இலக்கம் சூப்பர்ஃபாஸ்ட் என்கிறது, மூன்றாவதாக வரும் 6 தென்னக ரயில்வேயைக் குறிக்கிறது.

எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளும் இதே மாதிரிதான். முதல் எழுத்து தண்டவாள அகலம்: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்கேஜ். இரண்டாவது, எதில் ஓடுகிறது: டி என்றால் டீசல், ஏ என்றால் மேல்கம்பி மின்சாரம். மூன்றாவது வேலை: பி பயணி, ஜி சரக்கு, எம் இரண்டும். ஆகவே டபிள்யூ.ஏ.பி.-7 என்றால் அகலப்பாதையில் மின்சாரத்தில் ஓடும் பயணி வண்டி எஞ்சின், ஏழாவது ரகம். ஒய்.டி.எம்.-4 என்றால் மீட்டர்கேஜ் டீசல். நம் பாதையில் மீட்டர்கேஜின் கடைசிக் காலத்தில் இழுத்தது அதுதான். நீராவி எஞ்சின்களில் மட்டும் இரண்டாவது எழுத்து கிடையாது. ஒய்.பி. என்றால் மீட்டர்கேஜ் பயணி நீராவி எஞ்சின், 1949 முதல் வந்தது, நாடு முழுதும் 871 ஓடின. எஞ்சின் மேல் அதன் ஷெட், அதாவது அதைப் பராமரிக்கும் கொட்டகையின் பெயரும் இருக்கும். பொன்மலை, ஈரோடு, ராயபுரம் என்று எந்த ஷெட் என்பதையும் எழுதுங்கள்.

பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெட்டி செய்த ஆண்டு. கடைசி மூன்று இலக்கம் ரகம் சொல்லும்: 201-லிருந்து 400 வரை படுக்கை வசதிப் பெட்டி, 401-லிருந்து 600 வரை பொதுப் பெட்டி. எண்ணைத் தட்டையாகப் படிக்காமல் பிரித்துப் படித்துப் பழகினால் பெட்டியைத் தொடாமலேயே அதன் வயது தெரிந்துவிடும்.

இதற்குப் பயிற்சியாக ஒன்று சொல்கிறேன். நான் யாருக்கும் முதலில் கொடுப்பது இதைத்தான். பல்லவன் விடியற்காலை காரைக்குடியை விட்டுச் சென்னை எழும்பூர் போய்ச் சேர்கிறது. அதே பெட்டிகள் அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு, மதியத்துக்கு மேல் வைகை எக்ஸ்பிரஸாக மதுரைக்குக் கிளம்பிவிடும். காலையில் மதுரையிலிருந்து வைகையாக எழும்பூர் வந்த பெட்டிகள், பல்லவனாகக் காரைக்குடிக்கு இரவு வந்து சேரும். இரண்டு தொகுப்பு, இரண்டு வண்டி. அப்படியானால் இன்று காலை நீங்கள் பார்த்த பெட்டிகள் இரவு மதுரையில் தூங்கி, நாளை காலை சென்னை போய், நாளை இரவு காரைக்குடிக்குத் திரும்ப வேண்டும். நாளை மறுநாள் காலை மறுபடி உங்கள் முன்னால் நிற்க வேண்டும். நான் சொன்னேன் என்று நம்பாதீர்கள். மூன்று விடியற்காலை எழுந்து போய்ப் பெட்டி எண்களை எழுதுங்கள். முதல் நாள் எண்ணும் மூன்றாம் நாள் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அந்த நிமிடத்தில் வருகிற சந்தோஷம்தான் உங்களைக் கடைசிவரை இதில் வைத்திருக்கும். நடுவில் ஏதாவது பெட்டி மாறியிருந்தால் இன்னும் நல்லது: அது எங்கே போனது என்று தேடலாம்.

வைகை 1977 ஆகஸ்ட் 15-இல் ஓடத் தொடங்கியது, அப்போது அது மீட்டர்கேஜ் வண்டி. பல்லவன் 1984-இல் திருச்சி வரை ஓடத் தொடங்கி, 2013-இல்தான் காரைக்குடி வரை நீண்டது. இந்த ஊர் பிள்ளைகள் பலருக்குப் பல்லவன் எப்போதும் இங்கேயே இருந்ததுபோல ஒரு நினைப்பு.

கைகாட்டியும் கிராசிங்கும்

நம் பாதை ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டி ஒரு நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். பயணிகளுக்குக் கிராசிங் என்றால் சலிப்பு. நமக்கு அதுதான் திருவிழா. கையில் கால அட்டவணையும், வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் செயலியும் இருந்தால், எந்த நிலையத்தில் எது எதற்காகக் காத்திருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். கணிப்பை எழுதிவைத்துவிட்டுப் பாருங்கள்.

கணிக்க சிக்னல் தெரிய வேண்டும். நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் இருப்பது ஹோம் சிக்னல். அதில் மஞ்சள் மட்டும் எரிந்தால் வண்டி நேர்த் தடத்தில் வந்து நிற்கப் போகிறது. மஞ்சளோடு மேலே சாய்வாக ஒரு வரிசை வெள்ளை விளக்கும் எரிந்தால் வண்டி பக்கத் தடத்துக்கு, அதாவது லூப் லைனுக்கு, விலகி வரப் போகிறது. பச்சை என்றால் நிற்காமல் ஓடிவிடும். சின்ன நிலையத்தில் பக்கத் தடத்தில் ஒரு வண்டி வந்து நின்று, எதிர்ப்பக்கம் பச்சை விழுந்தால், இன்னும் சில நிமிடத்தில் ஒரு விரைவு வண்டி செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு நடுத்தடத்தில் பாயப் போகிறது என்று பொருள். பின்தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

விளக்கு வருவதற்கு முன் இருந்தது கைகாட்டி. கம்பத்தின் மேல் சிவப்புப் பலகைக் கை மட்டமாக நீண்டிருந்தால் நில், தாழ்ந்தால் போகலாம். "கைகாட்டி விழுந்துருச்சு" என்று வயல் வேலை செய்கிறவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அதுதான் கடிகாரம். அதோடு டோக்கன். இரண்டு நிலையத்துக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம், அதற்கு அத்தாட்சி ஓர் இரும்பு உருண்டை. எந்த இரண்டு நிலையத்துக்கு இடையிலானது என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். தோல்பையில் போட்டு, ஒரு பெரிய வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். நிலையத்தில் தடம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாயிண்ட்ஸ்மேன் எனக்குக் கையை நீட்டிக் காட்டினார்: "பழைய வளையத்தை மேல இருந்து விட்டெறிவாக, புதுசை நான் நீட்டுவேன் தம்பி. வண்டி நிக்காது. ராத்திரில பந்த வெளிச்சத்துலதான். ஒரு தடவை தவறுனா வண்டியை நிப்பாட்டிப் பின்னால ஓடிவந்து எடுக்கணும், அதுக்கு அப்புறம் மேல எழுதிப் பதில் சொல்லணும்." அவர் அந்தக் கையை இறக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

பாதையின் பழைய கதை

இங்கே புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்ததும், பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் ரயிலில்தான் வந்து இறங்கியிருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் வரையிலான பாதை 1902-இல் வந்தது. கிழக்கே தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை, மாயவரத்திலிருந்து 1894-இல் முத்துப்பேட்டையைத் தொட்டு, 1903-இல் அறந்தாங்கி வந்து நின்றது. வடக்கே திருச்சி அதற்கும் முன்பே ரயில் ஊர். ஆக இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது செட்டிநாட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ரயில் இருந்தது, நடுவில் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இலும் அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930-இலும்தான் தண்டவாளம் வந்தது. ஊரிலுள்ள பெரிய வீடுகளில் பல அதற்கு முன்பே கட்டி முடிந்தவை. அந்தத் தேக்கு துறைமுகத்திலும் தூரத்து ரயில்நிலையத்திலும் இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் வந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் பெரியவர்கள் சொல்லும் கதைகளைச் சரிபார்க்கலாம். "எங்க பாட்டனார் 1920-லயே காரைக்குடியில ரயில் ஏறி ரங்கூன் போனாக" என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். அவர் ரங்கூன் போனது உண்மையாக இருக்கும், ரயில் ஏறியதும் உண்மையாக இருக்கும். ஏறிய ஊர்தான் வேறாக இருக்கும். மானாமதுரையா, அறந்தாங்கியா, திருச்சியா என்று மெதுவாகக் கேளுங்கள். அப்போது மாட்டு வண்டிக் கதை ஒன்று புதிதாக வரும்.

1930-க்குப் பிறகுதான் காரைக்குடி பிளாட்பாரம் கடல் கடந்து போகிறவர்களின் வாசல் ஆனது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே பயணமாக இருந்த காலம். போட் மெயில் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பிளாட்பாரத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகிறவர்கள், மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கிளம்பும் பெட்டியடிப் பையன்கள் (கடையின் இளம் பணியாட்கள்), அடுத்தாட்கள் (முதலாளிக்கு அடுத்த நிலை உதவியாளர்கள்), வழியனுப்ப வந்த வீடு முழுவதும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனது. போட் மெயில் ராமேசுவரத்தோடு நின்றது. ராமேசுவரம் போகும் வண்டி ஒன்று இன்றைக்கும் அந்தப் பெயரோடு நம் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. பிளாட்பாரத்தில் அறிவிப்புக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்: போட் இல்லாமல் போய் இத்தனை காலம், பெயரை மட்டும் இந்த வண்டி விடவில்லை.

இந்தப் பாதையைப் போட்டு ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, எஸ்.ஐ.ஆர். அது 1951 ஏப்ரல் 14-இல் மற்ற இரண்டோடு சேர்ந்து தென்னக ரயில்வே ஆனது. ஆகவே விளக்கிலோ பித்தளைப் பூட்டிலோ எஸ்.ஐ.ஆர். முத்திரை இருந்தால் அது 1951-க்கு முந்தியது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீட்டர்கேஜைத் தேடுவது

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் இந்தப் பாதை அகலமானது. ஆயிரம் மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1676 மில்லிமீட்டர். தண்டவாளம் போய்விட்டாலும் தடயம் போகவில்லை. எங்கே பார்ப்பது?

பழைய நிலையக் கட்டடம் எஞ்சியிருக்கும் ஊரில், கட்டடத்தின் தரை பிளாட்பாரத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர்கேஜ் பிளாட்பாரம் தாழ்வானது. அகலப்பாதைப் பெட்டிக்காகப் பின்னால் உயர்த்தியிருப்பார்கள். நிலையத்து வேலியில் கம்பமாக ஊன்றியிருப்பது பெரும்பாலும் பழைய தண்டவாளத் துண்டுகள்தான். அவற்றின் இடுப்பில் தேய்ந்த எழுத்து இருக்கும்: உருக்கியவர் பெயர், ஆண்டு, எடை. மேலே பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பும். வீட்டு உத்தரத்து இரும்பில் இங்கிலாந்துக் கம்பெனி முத்திரை தேடுகிற ஊர் இது, வேலிக் கம்பத்திலும் தேடலாம். நிலைய வராந்தாவில் முன்பு மணியாகத் தொங்கியதும் ஒரு தண்டவாளத் துண்டுதான். எங்காவது இன்னும் தொங்குகிறதா என்று கண்ணை வைத்திருங்கள்.

வீட்டுக்குள்ளே தேட ஆட்கள் வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிகளிடமும் ஐயாக்களிடமும் போய், "அந்தக் காலத்து ரயில் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு முடிந்துவிடும். சின்னக் கேள்வி கேளுங்கள். எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவீர்கள்? கட்டுச்சோறு என்ன? பெட்டியை யார் தூக்கினார்கள்? கண்ணில் கரி விழுந்தால் என்ன செய்வீர்கள்? ஓர் ஆச்சியிடம் கட்டுச்சோற்றைக் கேட்டேன். "புளியோதரையும் தொவையலும். பிள்ளைகளுக்குத் தேன்குழல் ஒரு டின்னு. அப்பச்சி கொழும்புக்குப் போகையில ஆத்தா அழுகவே மாட்டாக, வண்டி கைகாட்டி தாண்டுனப்புறந்தான் அழுவாக" என்றார். கேள்வி சோற்றைப் பற்றி, கிடைத்தது அது. பேசும்போதே எழுதுங்கள், அல்லது அனுமதி கேட்டுச் செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பெட்டகத்திலிருந்து கெட்டி அட்டை டிக்கெட்டோ பாஸ்போர்ட்டோ எடுத்துக் காட்டினால் அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்காதீர்கள்.

அடுத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் நடுவில் சில சமயம் ரயில் விளக்கு, பூட்டு, பெயர்ப் பலகை தலைகாட்டும். பார்ப்பதற்குப் போங்கள், கற்றுக்கொள்வதற்குப் போங்கள். வாங்கும் முன் யோசியுங்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது இல்லாத பொருளை, எவ்வளவு மனசு இழுத்தாலும், விட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரரிடம் கேட்டு எண்ணையும் முத்திரையையும் எழுதிக்கொள்ளலாம்.

படம் எடுப்பதும் பத்திரமும்

இப்போது கேமரா. செல்பேசியே போதும். நம் பாதை பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுவதால் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெளிச்சம் வண்டி மேல் விழும். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் தண்டவாளத்துக்கு மேல் காற்று நெளியும், தூரத்து எஞ்சின் குழைந்துபோகும், வீட்டுக்குப் போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு கண்மாயும் ஊருணியும் நிறைந்திருக்கும்போது வாருங்கள். செம்மண்ணும் தண்ணீரும் ஈரமான தண்டவாளமும் ஒரே சட்டத்துக்குள் வரும் நாட்கள் ஆண்டில் கொஞ்சம்தான்.

நிலையத்துக்குள் எடுப்பதானால் நிலைய மேலாளரிடம் போய் யார், என்ன, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அப்புறம் அவரே எந்த வண்டி எந்தத் தடத்தில் என்று சொல்வார்.

தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ஓரத்தில் நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டத்தைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நீராவி எஞ்சின் இரண்டு ஊர் தள்ளி வரும்போதே கேட்கும், டீசலும் அடித்துப் பேசும். இப்போது மேலே மின்கம்பி வந்துவிட்டது. மின்சார எஞ்சினும் புதுரகப் பெட்டிகளும் எதிர்க்காற்றில் பக்கத்தில் வரும்வரை காதில் விழாது. பழைய ஆட்கள் காதை நம்பிப் பழகியவர்கள், அவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தில் நின்று குச்சியில் செல்பேசியை மாட்டி நீட்டுவதையும், பிளாட்பாரத்தில் நீளக் கம்பியைத் தூக்குவதையும் தொடவே தொடாதீர்கள். கேட்டில் நின்றால் மூடிய கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். அங்கிருந்தே நல்ல படம் கிடைக்கும், கூடவே நல்ல சத்தமும் கிடைக்கும்: கேட்டுக்கு முன்னால் ஊதல் பலகை இருப்பதால் ஓட்டுநர் கட்டாயம் ஊதுவார்.

கடைசியாக: ஏறிப் பாருங்கள்

நிலையம் பழகிவிட்டால் பாதையைப் பழகலாம். மூன்று பயணம் சொல்கிறேன்.

திருச்சிப் பக்கம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாசஞ்சரில் பகலில் போங்கள். திருச்சியில் இறங்கிப் பொன்மலைப் பக்கத்து ரயில் அருங்காட்சியகம் பாருங்கள். நம் பாதையில் ஓடிய எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுது பார்த்த பணிமனை அந்தப் பொன்மலைதான். 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே வந்தது.

மானாமதுரைப் பக்கம் போனால் அப்படியே ராமேசுவரம் வரை போய்விடுங்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு நேராக மேலே எழும்பும். பழைய பாலத்தில் அது இரண்டு கையாகப் பிரிந்து திறக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் அந்தக் கரையில் துருவை ஆராய மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்தது நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் என்பதைப் போகிற வழியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: திருவாரூர்ப் பாதை, சுமார் 149 கிலோமீட்டர். கண்டனூர் புதுவயலின் அரிசி ஆலைகள், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி. செம்மண் மெல்ல மெல்ல வண்டலாக மாறி, முந்திரி போய்த் தென்னை வந்து, கடைசியில் வயலாக விரியும். அகலப்பாதை வேலைக்காக நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2018-இல் பட்டுக்கோட்டை வரையும் 2019 ஜூனில் திருவாரூர் வரையும் திறந்தது. தொடக்கத்தில் கேட்டுகளுக்கு ஆள் இல்லை. வண்டியிலேயே கேட் ஊழியர் ஏறிவருவார். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி மறுபடி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மக்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு, ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற வண்டி அது. ஆனாலும் அப்படி ஒரு பயணத்தை இனி யாராலும் போக முடியாது. போனவர்கள் எழுதிவைத்திருந்தால் நல்லது. 2023-இல் தாம்பரம்–செங்கோட்டை வண்டியும், 2025-இல் தாம்பரம்–ராமேசுவரம் வண்டியும் இந்தப் பாதையில் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது.

இந்தப் பயணத்துக்கு ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொள்ளுங்கள். திரும்பும் வண்டி எப்போது, எந்தெந்தக் கிழமை ஓடும் என்பதை ஏறும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் பட்டுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ இறங்கிப் பஸ் பிடித்துத்தான் காரைக்குடி வர வேண்டும். கிழக்கே கடல் இருப்பது வலப்பக்கம், காலையில் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். போகும்போது இடப்பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள்.